14 என்பது எவ்வளவு காலம்?

கேள்வி: ஒரே பங்குக்கு ஆர்எஸ்ஐ 5 நிமிட சார்ட்டில் 76, தினசரி சார்ட்டில் 48, வாராந்திர சார்ட்டில் 35 என்று இருக்கிறது. வாங்குவதா, விற்பதா? மூன்றில் எதை நம்புவது?

பதில்: மூன்றையுமே நம்பலாம். விலை நகர்வின் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐயை வெல்ஸ் வைல்டர் 1978-ல் அறிமுகப்படுத்தியபோது வைத்த 14 என்ற எண்தான் இன்றும் பெரும்பாலான செயலிகளில் முதலில் வந்து நிற்கிறது. அந்த 14 என்பது கேண்டில்களின், அதாவது சார்ட்டில் ஒவ்வொரு காலத்துண்டையும் குறிக்கும் கட்டங்களின், எண்ணிக்கை. 5 நிமிட சார்ட்டில் அது 70 நிமிடம், தினசரியில் ஏறக்குறைய மூன்று வாரம், வாராந்திரத்தில் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். சில மாதங்களாக இறங்கி, மூன்று வாரமாகத் தடுமாறி நின்ற பங்கு இன்று வேகமாக ஏறியிருக்கிறது; உங்கள் மூன்று எண்களும் சொல்வது இவ்வளவுதான். இதில் முரண்பாடே இல்லை. பணம் அந்தப் பங்கில் எத்தனை நாள் இருக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்யாததால்தான் முரண்பாடாகத் தெரிகிறது.

காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 மார்ச்சே சாட்சி. 9-ஆம் தேதி நிஃப்டி 10,451-ல் முடிந்தபோது தினசரி ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே இருந்தது. பாடப்புத்தகக் கணக்கில் அது ‘ஓவர்சோல்ட்’, அதாவது அளவுக்கு மீறி விற்கப்பட்ட நிலை. அன்று வாங்கியவர் இரண்டே வாரத்தில், 23-ஆம் தேதி, 7,610-ஐப் பார்த்தார். 27 சதவீத இழப்பு. ஜூலைத் தொடக்கத்திலோ நிஃப்டி வாங்கிய விலையைத் தாண்டியிருந்தது. சிக்னலும் வாங்கிய விலையும் ஒன்றுதான். கடன் வாங்கி இரண்டு வாரத்துக்கென்று இறங்கியவர் அழிந்தார், நான்கு மாதம் பொறுக்க முடிந்தவர் தப்பினார்.

‘அப்படியானால் குறுகிய காலமே பாதுகாப்பு, அன்றே வெளியேறிவிடலாமே’ என்று கேட்கலாம். செலவு அங்கேதான் குறுக்கே நிற்கிறது. நம் சந்தை நாளுக்கு 375 நிமிடம், அதாவது 75 ஐந்து நிமிடக் கேண்டில்கள். விலை ஏற்ற இறக்கம் பொதுவாகக் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்பதால், நாளில் ஒன்றரை சதவீதம் நகரும் பங்கு ஐந்து நிமிடத்தில் நகர்வது சுமார் 0.17 சதவீதம். நகர்வு சுருங்குகிற அளவுக்குப் புரோக்கரேஜும் வரியும் சுருங்குவதில்லை. செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23-ல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள். அந்த நஷ்டத்துக்கு மேல் அதில் 57 சதவீத அளவுக்கு வர்த்தகச் செலவாகவும் இழந்தார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அனுபவசாலிகள் பல சார்ட்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள், ஆனால் எது தீர்மானிக்கும், எது நேரம் மட்டும் குறிக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே வகுத்துக்கொள்கிறார்கள். இன்ட்ராடேயில் வாங்கிய பங்கு இறங்கியதும் ‘வார சார்ட் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று டெலிவரியாக மாற்றுவது வேறு கதை. அது ஸ்டாப்லாஸிலிருந்து தப்பிக்கத் தேடிய சாக்கு. எம்ஏசிடி என்ற இன்னொரு குறியீட்டையும் சேர்த்தால் உறுதி கூடும் என்பதும் பாதிதான் சரி: இரண்டுமே முடிவு விலையிலிருந்து பிறப்பவை, ஒரே சாட்சியை இருமுறை விசாரிப்பது போல.

உங்கள் திட்டம் ஆறு மாதம் என்றால், வாராந்திர சார்ட்டை வைத்து வாங்கலாமா என்று முடிவெடுங்கள். என்றைக்கு என்பதற்குத் தினசரியைப் பாருங்கள். அந்த 76 உங்களுக்கான எண் அல்ல.