கிரயான் குச்சியும் அதன் லேபிளும்

சின்னப் பிள்ளைகள் படம் வரையும் கிரயானைச் செய்வது, நாம் ஃபவுண்டரியில் பார்க்கும் வார்ப்பு வேலை மாதிரிதான். பாரஃபின் மெழுகை உருக்கி, நிறமிப் பொடியைக் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும். சில நிமிடங்களில் இறுகியதும் குச்சிகளை வெளியே தள்ளி லேபிள் சுற்றுவார்கள்.

அந்த லேபிளில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவில் பின்னி அண்டு ஸ்மித் கம்பெனி 1903-இல் 'கிரயோலா' பெட்டியை வெளியிட்டது. 8 நிறங்கள், விலை 5 சென்ட். பிறகு நிறங்கள் கூடியபோது, வெளிர் நிறக் குச்சி ஒன்றுக்கு 'ஃபிளெஷ்', அதாவது உடல் நிறம், என்று பெயர் வைத்தார்கள். அப்படியானால் கறுப்புக் குழந்தையின் உடம்பு என்ன நிறமாம்? கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த காலத்தில், 1962-இல், அந்தப் பெயர் 'பீச்' என்று மாறியது. 2020-இல் 24 தோல் நிறங்கள் கொண்ட பெட்டியே வந்தது.

நம்ம ஊர்க் கடையிலோ அந்த வெளிர் கலரை இன்னமும் 'ஸ்கின் கலர்' என்றுதானே கேட்கிறோம்? என் கையும் அந்த நிறமில்லை, உங்கள் கையும் அந்த நிறமில்லை. நாளை நம்மில் ஒருவர் கிரயான் தொழில் தொடங்கினால், மெழுகோடு சேர்த்து லேபிளையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.