உடைக்காமல் துருவை அளப்பது எப்படி?

எண்ணூர், திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குத் துருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சன்னல் கம்பி, மீன்பாடி வண்டி, காசிமேட்டுப் படகுச் சங்கிலி என எங்கும் பார்க்கிறார்கள். கடற்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. பத்தாம் வகுப்பில் இதை விளக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: "எங்க வீட்டுக் கூரையைப் பூசி வெள்ளையடிச்சிட்டாங்க மிஸ். உள்ளே இன்னும் துருப்பிடிக்குதான்னு உடைக்காம எப்படித் தெரியும்?"

விடையை ஒரு செயல்பாட்டில் தொடங்கினேன். உப்புநீரில் இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கச் சொன்னேன். (வீட்டு மின்சாரத்தை இதில் ஒருபோதும் இணைக்கக் கூடாது.) எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. "மீட்டர் ரிப்பேர் மிஸ்" என்றார்கள். மீட்டர் நன்றாகவே இருந்தது. அது செலுத்தும் நேர்மின்னோட்டம் ஆணியின் பரப்பையே மாற்றிவிடுகிறது.

ஆகவே ஆய்வாளர்கள் மிகச் சிறிய மாறுமின்னழுத்தத்தைத் தருகிறார்கள். பெரும்பாலும் 10 மில்லிவோல்ட் அளவு. அதிர்வெண்ணை 1 லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 0.01 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொன்றிலும் மின்னெதிர்ப்பை, அதாவது இம்பீடன்ஸை அளக்கிறார்கள். 0.01 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று முடியவே 100 நொடி ஆகும். பொறுமை வேண்டிய வேலை. இதுவே மின்வேதியியல் இம்பீடன்ஸ் நிறமாலையியல்.

நீரைத் தொடும் உலோகப் பரப்பு, பக்க இணைப்பில் உள்ள மின்தேக்கியும் மின்தடையும் போல நடந்துகொள்கிறது. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் மின்தேக்கி வழியே எளிதாகப் போய்விடும். நீரின் தடை மட்டும் மிஞ்சும். தாழ் அதிர்வெண்ணில் அந்த வழி அடைபட்டு, துருப்பிடிக்கும் வினையின் வழியாகவே போக வேண்டும். முதலில் 20 ஓம், கடைசியில் 1020 ஓம் என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட 1000 ஓம் அந்த வினையின் தடை. அது பெரிதானால் துரு மெதுவாக நடக்கிறது. வரைபடத்தில் இது அரைவட்டமாகத் தெரியும். பெயிண்டுக்கடியில் கடல்நீர் கசிந்தால், கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே தாழ் அதிர்வெண் அளவு இறங்கிவிடும்.

அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தர, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு இது பழகிய முறை. அதற்கு மண்டபம் கடற்கரையில் அரிமான ஆய்வு நிலையமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் மாறுமின்னோட்டச் சுற்று நடத்துவோர் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ரேடியோ உதாரணத்தைவிட நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது.

கூரையில் அளப்பது ஆய்வகத்தைப்போல் எளிதல்ல என்பதையும் மாணவியிடம் சொன்னேன். கம்பியை ஓரிடத்திலாவது தொட்டு ஒயர் இணைக்க வேண்டும். ஈரப்படுத்திய கான்கிரீட்டின் மேல் மின்முனையை வைக்க வேண்டும். கிடைப்பதும் அந்த இடத்தின் நிலை மட்டுமே. அதுவரை, கம்பி போகும் வழியே நேர்க்கோட்டில் விரிசல் தெரிந்தால் அதனடியில் படுக்க வேண்டாம், வீட்டுப் பெரியவர்களிடம் உடனே காட்டு என்றேன்.