ரெண்டரை மாத ஊசிக்கு முன்னால்

நெல்லித்தோப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சின்னு,

குட்டி முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். கேட்டதிலிருந்து கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள். நீதான் போனை எடுத்தால் "எல்லாம் சரியாயிடுச்சு பெரியம்மா" என்று வைத்துவிடுகிறாய். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் டிஸ்சார்ஜ் சீட்டு இங்கே பீரோவிலேயே கிடக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். குட்டிக்கு ஒன்றரை மாத ஊசி, ரெண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று வரிசையாகத் தேதி போட்டிருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து வயிற்றில் இன்சுலின் குத்திக்கொண்ட உனக்கு ஒரு தேதி இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

அம்மா கதையில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ பிறந்தபோது நாலு கிலோ. அவளுக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. நான் அப்போது பிரசவ வார்டில் நர்ஸ். "நஞ்சு விழுந்தா சர்க்கரையும் போயிடும்டி" என்று அவளிடம் சொன்னவள் நான்தான். போகவும் செய்தது. அப்புறம் பதினோரு வருடம் யாரும் பார்க்கவில்லை. பெருவிரல் புண் ஆறாமல் போன அன்றுதான் பார்த்தோம், 300க்கு மேல். அந்தப் பதினோரு வருடமும் உனக்கு டிபன் கட்டினாள், தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அவளிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்க மட்டும் எவருக்கும் நேரமில்லை. நம் வீட்டில் பிள்ளை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். பெற்றவள் பக்கத்திலேயே கிடப்பாள். எத்தனை வருடமாக இதைச் சொல்கிறேன்!

அன்று வார்டில் அவளிடம் நான் சொன்னதில் பாதிதான் உண்மை. நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. நஞ்சு வெளியே வந்ததும் அந்தத் தடை விலகும், சர்க்கரை இறங்கும். ஆனால் கணையம் தன் பலவீனத்தைக் காட்டிவிட்டது. உன்னைப் போன்றவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருவது மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். சென்னை டாக்டர் சேஷையா போன்றவர்கள் பாடுபட்டதால், கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்ப்பது தமிழ்நாட்டில் 2007லேயே உத்தரவாக வந்தது. அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் இவ்வளவு அக்கறை. பிரசவமானபின் ஆறாவது வாரத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லி அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது, ஆனால் வருகிறவர்கள் எத்தனை பேர்? பிள்ளையின் ஒன்றரை மாத ஊசியும் அதே ஆறாவது வாரம்தான். ஊசி போடுகிற இடத்திலேயே தாய்க்கும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. வேலையில் இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

உனக்கு ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது. ரெண்டரை மாத ஊசி அடுத்த வாரம். பன்னிரண்டு வாரத்துக்குள் பார்த்துவிடுவது நல்லது. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அந்த இரண்டாவது 140க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 200 தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் நின்றால், அதுதான் நாம் முழித்துக்கொள்ள வேண்டிய இடம், அங்கேயே தடுத்து நிறுத்தலாம். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே, நம் பெண்கள் பலருக்கு அதில் சர்க்கரை தெரியாமல் தப்பிவிடும். மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனையும் இப்போது வேண்டாம். பிரசவத்தில் ரத்தம் போயிருப்பதால் கணக்கு தப்பும். சரியாக வந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை பார், அடுத்த பிள்ளைக்கு நினைக்கும் முன்பும் பார். உன் மாமியார் தருகிற லேகியத்தில் போடும் கருப்பட்டியும் சர்க்கரைதான், அதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

காரைக்காலிலேயே பார்க்கிறாயா, இங்கே வருகிறாயா, அது உன் இஷ்டம். நான் கட்டாயப்படுத்தவில்லை. செவ்வாய் சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். புதன் காலை நீ எதுவும் சாப்பிடாமல் இரு.

கண்ணு, கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்து, பால் கொடுத்து, நீ எவ்வளவு செய்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? தாய்ப்பால் கொடுப்பது உனக்கே நல்லது, சர்க்கரை வரும் வாய்ப்பையும் அது குறைக்கும். அம்மா இருந்திருந்தால் உன்னைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பாள். உனக்குப் பிடித்த பால் சுறா கருவாடும், பத்திய மிளகுப் பொடியும் எடுத்து வருகிறேன். குட்டிக்கு இரண்டு சட்டை தைத்திருக்கிறேன், மஞ்சளில் ஒன்று. சோதனையின்போது பசித்து அழுதால் பால் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. மற்ற நேரம் குட்டி என் மடியில். நீ அந்த இரண்டு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திரு, அது போதும்.

அன்புடன்,
பெரியம்மா