கிற்றாரின் மேற்பூச்சில் சிறு பழுது

பாடற் குழுவில் பாடும் பிள்ளைகள் உள்ள வீட்டிலே கிற்றார் கதிரையிலும் கதவிலும் மோதாமல் இருப்பது அரிது. ஓரத்தில் ஒரு துண்டுப் பூச்சு தெறித்துவிடும். பிள்ளை முகம் வாடி நிற்கும். தகப்பனார் பசைப் போத்தலைத் தேடுவார். அவசரம் வேண்டாம். பூச்சில் விழுந்த சிறு காயத்தால் ஓசை கெடுவதில்லை. தவறான மருந்தினால்தான் வாத்தியம் கெடுகிறது.

இதை நான் பட்டே அறிந்தேன். தமையனார் விட்டுச் சென்ற பழைய கிற்றாரில் இருந்த கறையொன்றை, நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைத்தேன். கறையோடு பூச்சும் கரைந்து துணியில் வந்துவிட்டது. மிளகளவு கறை உள்ளங்கையளவு தழும்பாயிற்று.

ஆகையால் பூச்சு எத்தகையது என்பதை முதலில் அறியவேண்டும். அரக்கை மதுசாரத்தில் கரைத்துத் தேய்க்கும் மெருகு பழைய முறை; நைலோன் தந்தி பூட்டும் உயர்ந்த கிற்றார்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. 1920களில் மோட்டார் வண்டிகளுக்கென வந்த நைத்திரோசெலுலோசு லாக்கரைக் கிற்றார் செய்வோரும் எடுத்துக்கொண்டனர். இன்று தொழிற்சாலைகளிலிருந்து வரும் மலிவான கிற்றார்களில் பெரும்பாலும் பொலியெஸ்ரர் அல்லது பொலியூரித்தேன் பூச்சே உள்ளது. தோள்பட்டி கொழுவும் ஆணியைக் கழற்றி, அதன் கீழ் மறைந்திருந்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் ஸ்பிரிற்றைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. இல்லையெனில் அசற்றோன் தொட்டுப் பாருங்கள். அதற்கு இளகினால் லாக்கர். எதற்கும் அசையாவிட்டால் பொலியெஸ்ரர் வகை.

அரக்கும் லாக்கரும் தத்தம் கரைப்பானில் மீண்டும் கரைபவை. ஆதலால் அதே பூச்சின் புதுத் துளி பழையதோடு உருகி ஒன்றாகிவிடும். பொலியெஸ்ரர் அப்படி உருகாது. அதன் பள்ளத்தை நிரப்ப ‘சுப்பர் குளூ’ எனப்படும் பசையே உதவும்.

வீடுகளில் அதிகம் காணப்படுவது இவ்வகையாதலால் அதனையே விரிவாகச் சொல்கிறேன். தெறித்த இடத்தைத் துடைத்து நன்கு உலரவிடுங்கள். பள்ளத்தைச் சுற்றி வெண்மை தெரிந்தால் பூச்சு மரத்தைவிட்டுக் கிளம்பியிருக்கிறது என்று பொருள். நீர்த்த பசையில் ஒரு துளியைப் பல்குச்சியால் விளிம்பில் வைத்தால், அது தானே உள்ளே ஊர்ந்து செல்ல, வெண்மை மறையும். பார்க்க அதிசயமாகவே இருக்கும்! பின்னர் பள்ளத்தைத் துளித்துளியாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின், சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயரும்வரை நிரப்புங்கள். ஒரு நாள் விட்டுவிடுங்கள். இங்கேதான் பலருக்குப் பொறுமை போதாது.

மறுநாள் சவர அலகொன்றின் இரு நுனிகளிலும் ஒட்டுநாடா சுற்றி, நடுவில் மட்டும் கூர் தெரியவிட்டு, மேட்டை மெல்லச் சுரண்டுங்கள். நாடாவின் தடிப்பு சுற்றியுள்ள பூச்சைக் காக்கும். பிறகு வாகனங்களுக்கு நிறம் பூசுவோர் நனைத்துத் தேய்க்கும் 1000, 1500, 2000 இலக்க அரத்தாள்களை இந்த ஒழுங்கிலேயே, சிறு இறப்பர்த் துண்டில் சுற்றித் தேய்க்கவேண்டும். நீர் சொட்டக்கூடாது, ஒலித்துளை வழியாகவோ ஆணித்துளை வழியாகவோ இறங்கினால் மரம் ஊதிவிடும். கடைசியாக வாகனம் மினுக்கும் களிம்பைத் துணியில் தொட்டு மினுக்கினால் போதும். சிலிக்கோன் கலந்த மினுக்கிகள் வேண்டாம். பின்னொரு நாள் பூசும் பூச்சு அவ்விடத்தில் பிடிக்காது.

சிந்திய பசையைப் பஞ்சுத் துணியால் துடைக்காதீர்கள். பஞ்சு பட்டால் அது சூடேறிக் கையைச் சுடும். யன்னலைத் திறந்து வைத்து, சிறு பிள்ளைகளை அப்பால் இருத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

பூச்சு உடையாமல் வெறும் பள்ளம் விழுந்திருந்தால் அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கச் சிலர் சொல்வர். பூச்சின்மேல் அது வெண்படலத்தையே தரும். கீறலை விரலால் அழுத்தும்போது இரு விளிம்புகளும் அசைந்தால், வெடித்திருப்பது மரமே. அதையும், தந்திகள் பூட்டிய பாலம் கிளம்பியிருந்தால் அதையும், வாத்தியம் திருத்துவோரிடம் கொண்டு செல்லுங்கள். போகுமுன் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள்.