டேக் கயிறு பார்த்துக் கட்சி கட்டாதீர்கள்

ஒரகடத்தில் மதியம் 'ஏ' ஷிப்ட் விடும் நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற எல்லோர் கழுத்திலும் டேக் தொங்கும். சட்டை ஒரே நிறம், டேக் கயிறு மட்டும் வேறு வேறு. ஒன்று பர்மனென்ட், ஒன்று கான்ட்ராக்ட், ஒன்று ட்ரெய்னி. ஒரே லைனில் ஒரே போல்ட்டை முடுக்குகிறவர்கள்தான், ஆனால் சம்பள நாளில் மூன்று சாதி. இவர்களுக்கென்று ஒரு கட்சி வேண்டும், அது தொழிற்சாலையை விரட்டாத கட்சியாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

கான்ட்ராக்ட் தொழிலாளியிடமிருந்து தொடங்குங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் பல இடங்களில் 480-ஐ எட்டுவதற்கு முன்பே 'பிரேக்' விடுகிறார்கள், இல்லையென்றால் வேறு கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுகிறார்கள். ஆள் அதே கேட்டில்தான் நுழைகிறார், அதே மெஷின் முன்னால்தான் நிற்கிறார். இதற்குச் சாட்சி அவர் போனிலேயே இருக்கிறது. பி.எஃப். கணக்கில் யு.ஏ.என். எண் மாறாது, பாஸ்புக்கைத் திறந்தால் முதலாளி பெயர்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பி எனக்குக் காட்டிய பாஸ்புக்கில் நான்கு வருடத்துக்கு ஐந்து பெயர். "லாக்கர் மட்டும் மாறவே இல்லைண்ணே, அதே பதினேழாம் நம்பர்தான்" என்றார். உறுப்பினர் படிவத்தோடு இந்த நகலையும் கேட்டு வாங்குங்கள். வற்புறுத்த வேண்டாம், அதில் அவருடைய சேமிப்பும் தெரியும். நூறு நகல் சேர்ந்துவிட்டால் தொழிலாளர் துறையின் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

கம்பெனி நிலைக்க வேண்டும் என்று முதல் நோட்டீஸிலேயே எழுதுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குப் போன கைமாற்றத்திலும் சேராமல், 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தத் தேதி இன்னும் மறக்கவில்லை. இப்படி எழுதிய தொழிலாளர் கட்சிக்கு முன்னுதாரணமும் உண்டு. பிரேசிலில் கார் ஆலைகள் நிறைந்த சாவோ பெர்னார்டோ பகுதியின் வேலைநிறுத்தங்களிலிருந்துதான் 1980-ல் தொழிலாளர் கட்சி பிறந்தது. அதன் தலைவர் லூலா, 2002 தேர்தலுக்கு முன்பு, ஒப்பந்தங்களை மதிப்போம் என்று நாட்டு மக்களுக்குக் கடிதமே எழுதினார். உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்தவர்தான் அவர். சந்தை இருக்கட்டும், அதில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்பது சரணாகதி ஆகாது.

சலுகைக்கு நிபந்தனை கேளுங்கள். நிலம், முத்திரைத்தாள் கட்டணம், மின்வரி என்று அரசு விட்டுக்கொடுப்பதெல்லாம் மக்கள் பணம். புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும்போது எத்தனை ஆயிரம் வேலை என்று தலைப்புச் செய்தி வருகிறது. அதில் எத்தனை பர்மனென்ட், எத்தனை கான்ட்ராக்ட் என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லுங்கள். இந்த ஒரு கோரிக்கையை வைத்தே ஐந்து வருடம் கட்சி நடத்தலாம் என்பது என் எண்ணம்.

பெண்கள் தங்கும் விடுதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது சம்பளத்துக்காக அல்ல. விடுதிச் சாப்பாடு விஷமாகி, உடன் தங்கியவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்கு முன்பு அந்த விடுதிகளுக்குள் எந்தக் கட்சிக்காரரும் எட்டிப்பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள், செலவு 706.50 கோடி ரூபாய். நல்ல காரியம். ஆனாலும் தண்ணீர், கழிப்பறை, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குச் சூடான சாப்பாடு என்று தினசரி கேட்க அங்கே ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் அங்கேயே தங்கியிருக்கும் பெண்ணுடையதாக இருக்கட்டும். வெளியிலிருந்து ஓர் அண்ணன் போய்ப் பேச வேண்டாம்.

ஓட்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்காவது ஓட்டு சொந்த ஊரில்தான் இருக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. இங்கேயே நிலைக்கப்போகிறவர் என்றால் படிவம் 8 நிரப்பி மாற்றிக்கொடுங்கள். வீட்டுக்காரர் முகவரிச் சான்று தர மறுப்பார். கூடப் போய்ப் பேசுங்கள். நிலைக்காதவர் என்றால் அவர் ஊரிலேயே கிளை தொடங்குங்கள். கம்பெனி பஸ் போகிற ஊர்களெல்லாம் உங்கள் கட்சி போக வேண்டிய ஊர்கள்.

பதிவை முறையாகச் செய்யுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29-ஏ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். வாக்காளர்களான நூறு உறுப்பினர்களாவது வேண்டும். அரசியல் சாசனத்தோடு சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கும் உண்மையாக இருப்போம் என்று கட்சி விதியில் எழுதியாக வேண்டும். சந்தையை ஏற்கும் கட்சியும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது அதன் பொருளைத் தோழர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் படித்துவையுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது பலருக்கு இன்னும் தெரியாது.

செய்யக்கூடாதவை

"வடக்கன்" என்ற சொல் உங்கள் மேடையில் ஒருமுறைகூட வரக்கூடாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் கூலியைக் குறைக்கவில்லை. குறைந்த கூலிக்கு அவரைக் கூட்டிவந்தவர் லேபர் கான்ட்ராக்டர். 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் கங்காணி பின்னால் போனவர்கள். இதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டுமா? நோட்டீஸை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடியுங்கள்.

சங்கத்தை விழுங்காதீர்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெளியே நின்றார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் உயிரான கோரிக்கை, சங்கத்தை அங்கீகரியுங்கள் என்பதுதான். சி.ஐ.டி.யு. துணை நின்றது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். இப்படிச் சம்பளத்தை இழந்து பெற்றதன்மேல் புதிதாக வந்த கட்சி தன் கொடியைக் கட்டுவது அநியாயம். சங்கச் சந்தாவிலும் கை வைக்காதீர்கள். அரசியலுக்கென்று தனி நிதி, அதுவும் விருப்பமுள்ளவர் தந்தால் மட்டும் என்பது 1926 சட்டம் தொட்டு வரும் நெறி.

மந்திரி பதவிக்குக் கட்சியை விற்காதீர்கள். உழைப்பாளர் என்று பெயர் வைத்த கட்சி வட தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ராமசாமி படையாச்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் சென்னை சட்டசபைக்கு 19 பேரை அனுப்பியது. மாணிக்கவேலரின் காமன்வீல் கட்சி 6 பேரை. மாணிக்கவேலர் ராஜாஜி அமைச்சரவைக்குப் போனார், படையாச்சியார் 1954-ல் காமராஜர் அமைச்சரவைக்கு. இரண்டு கட்சியும் காங்கிரசில் கரைந்தன. தங்கள் சமூகத்துக்கு அவர்கள் பெற்றுத்தந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உழைப்பாளர் என்ற அந்தப் பெயர் ஒரு சமூகத்தின் எல்லையைத் தாண்டவே இல்லை. ஒரகடத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் இன்றும் ஊரையும் தெருவையும் கேட்கிறார்கள். கட்சிப் படிவத்திலாவது அந்தக் கேள்வி வேண்டாம்.

தெருவை மட்டும் நம்பாதீர்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் நிறைவேறியது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். வெளியே சங்கங்கள் எழுந்தன, உள்ளே கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. இரண்டும் சேர்ந்ததால்தான் பத்தே நாளில் நடந்தது.

ஞாயிறு மாலை மட்டும் கூட்டம் போடாதீர்கள். 'பி' ஷிப்ட்காரர் என்றைக்கும் வர முடியாது.

முதல் தேர்தலில் டெபாசிட் போனதற்காகக் கடையை மூடாதீர்கள். பதிவான செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்குமேல் வராவிட்டால் பணம் போய்விடும். லூலாவே 1982-ல் சாவோ பாலோ ஆளுநர் தேர்தலில் நான்காவதாக வந்தார். நாட்டின் அதிபரானது இன்னும் இருபது வருடம் கழித்து. முடிவு வந்த மறுநாள் காலை, ஐந்தரை மணி பஸ் வருவதற்கு முன்னால், சுங்குவார்சத்திரம் சந்திப்பில் 480 நாள் நோட்டீஸோடு நில்லுங்கள்.