வன்தட்டில் இடமில்லை: எதை அழிப்பது, எதை வைப்பது?

எங்கள் வீட்டில் இருப்பது என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பெற்ற விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, பள்ளிகள் வழியாக மாணவர்கள் கைக்கு வந்தது. மகள் கல்லூரிக்குப் போய், வேலைக்கும் போய்விட்டாள். மடிக்கணினி என்னிடம் தங்கிவிட்டது. நான் கல்வராயன்மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன், வீடு கள்ளக்குறிச்சியில். காலையில் கச்சிராயபாளையம் தாண்டிப் பேருந்து மலையேறத் தொடங்கியதும் அலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அதனால் பாடக் காணொலிகளை இரவில் வீட்டில் பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போவது என் வழக்கம். அந்தப் பழைய கணினிதான் எங்கள் பள்ளிக்கு இணையம்.

அதில் ஒரு நாள் சிவப்புக் கோடு வந்தது. சி டிரைவ் நிரம்பிவிட்டது, வினாத்தாளைச் சேமிக்க முடியாது என்றது திரை. நம்மில் பலருக்கும் இது புதிதல்ல. இரண்டு முறை நான் இதைச் சரிசெய்திருக்கிறேன். முதல் முறை தவறாக. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2020-ல் பள்ளிகள் மூடியிருந்த நேரம். மேல்நிலை மாணவர்களின் மடிக்கணினிகளில் காணொலிப் பாடங்களைப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். என்னிடம் 12 ஜிபி பாடங்கள் வந்தன. இடமில்லை. அவசரத்தில் கண்ணில் பட்ட கோப்புறைகளை எல்லாம் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழித்தேன். அப்படி அழித்தால் மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘புதிய கோப்புறை 2’. உள்ளே எண் மட்டும் போட்ட ஒலிக்கோப்புகள். பழைய அலைபேசிக் குப்பை என்று நினைத்தேன்.

அது குப்பை இல்லை. 2017-ல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஊருக்குள் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிந்துவந்த 42 பதிவுகள். சாமை, தினை விதைக்கும் நாள் பார்ப்பது, தேன் எடுக்கப் போகும்போது சொல்வது, நோய்க்கு எந்தப் பச்சிலை, இப்படி. சிலர் ஜாகிர்தார் காலத்தைப் பற்றியும் பேசியிருந்தார்கள். மலையில் ஜாகிர் முறை ஒழிந்தது 1976-ல்தான். அதற்கு முன் கூலியில்லாமல் போய் உழைத்த நினைவு உள்ளவர்கள் 2017-ல் சிலர் இருந்தார்கள். இன்று மிகக் குறைவு.

42 பதிவுகளும் சேர்ந்து எவ்வளவு இடம் என்று நினைக்கிறீர்கள்? 15 எம்பி. சாதாரண அலைபேசியின் குரல் பதிவு நான்கு நிமிடத்துக்கு 400 கேபியைக்கூடத் தொடாது. 12 ஜிபி தேவைப்பட்ட இடத்தில், அதில் ஆயிரத்தில் ஒன்றே கால் பங்குக்காக அவற்றை அழித்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் செய்கிற வேலையா இது என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதிலிருந்து முதல் பாடம் எளிது: அழிப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். கோப்புறையைத் திறந்து, விவரப் பார்வைக்கு மாற்றி, ‘அளவு’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியது மேலே வந்துவிடும். மேலே உள்ள இருபது கோப்புகளில்தான் பெரும்பாலான இடம் இருக்கும். கீழே உள்ள இருநூறையும் அழித்தாலும் சிவப்புக் கோடு அசையாது.

இந்த அளவுக் கணக்கையே நான் எட்டாம் வகுப்பில் அடுக்குக்குறி நடத்தும்போது பயன்படுத்துகிறேன். மடிக்கணினியின் அட்டையில் 320 ஜிபி என்று இருக்கிறது. திரையில் 298 என்று காட்டுகிறது. மீதி 22 எங்கே போனது? பிள்ளைகள் ‘கடைக்காரர் ஏமாத்திட்டார்’ என்றுதான் தொடங்குவார்கள். தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதைப் பத்தின் அடுக்கு ஒன்பதாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே இரண்டின் அடுக்கு முப்பதாகக் கணக்கிடுகிறது. ஆயிரத்துக்கும் 1024-க்கும் வேறுபாடு 2.4 விழுக்காடு. எம்பியில் அது ஏறத்தாழ 4.9 ஆகிறது, ஜிபியில் 7.4, டிபியில் 10-ஐ நெருங்குகிறது. சிறு வேறுபாடு அடுக்கில் ஏறும்போது எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைக்கவில்லை. இன்னொரு கணக்கும் கொடுப்பேன்: ஒரு வினாத்தாள் 40 கேபி, அலைபேசியில் எடுத்த ஒரு நிமிடத் தெளிவான காணொலி 130 எம்பி. அந்த ஒரு நிமிடத்தின் இடத்தில் எத்தனை வினாத்தாள் வைக்கலாம்? 3,328. விடை வந்ததும் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும்.

சரி, இடம் எங்கே போகிறது? என் கணினியில் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களுடையதும் பெரிதாக மாறியிருக்காது. விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாற்றியபோது பழைய விண்டோஸ் அப்படியே ஒரு கோப்புறையாகத் தங்கியிருந்தது, 16 ஜிபி. இதைக் கையால் அழிக்கக் கூடாது. சி டிரைவின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், டிஸ்க் கிளீனப், அதில் ‘கணினிக் கோப்புகளையும் துப்புரவு செய்’ என்ற பொத்தான், பிறகு ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். போனால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. திரும்புகிற எண்ணம் யாருக்கும் இருக்கப் போவதுமில்லை.

அடுத்தது பதிவிறக்கக் கோப்புறை, 9 ஜிபி. ஆசிரியர் குழுக்கள் ஐந்தில் இருக்கிறேன். ஒரே காலாண்டு வினாத்தாள் ஐந்திலும் வரும். ஐந்தையும் தொட்டால் கணினி அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அடுக்கிவைக்கும். டெலிகிராம் தன் பங்குக்குத் தனியாக 7 ஜிபி வைத்திருந்தது. அதன் அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பைக் காலி செய்யலாம், குழுவில் உள்ள கோப்பு அழியாது. இணையத்தில் ‘ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தம் செய்யும்’ என்று வரும் மென்பொருள்களை நான் நிறுவுவதில்லை. பாதி நேரம் அவையே குப்பை.

தொடக் கூடாதவை இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று எழுத்துருக்கள். 2010 ஜூனில் அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முன்பும், அதன் பிறகு பல ஆண்டுகளும், நாம் வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துருவை நீக்கினால் பழைய வினாத்தாள்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். ஓர் எழுத்துரு சில நூறு கேபிதான், இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று, விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்த பாஸ் லினக்ஸ் இருக்கும் பகுதி. சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. ‘நாம் பயன்படுத்தவே இல்லையே’ என்று அந்தப் பகுதியை விண்டோஸுக்குள் இருந்தபடி அழித்தார் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். மறுநாள் கணினி கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்கியூ என்று காட்டி நின்றது. எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் நிரல் அந்தப் பகுதியில்தான் இருந்தது. கதவு வேண்டாத அறையில் இருந்தாலும் வீட்டுக்குள் போக அதுதானே வழி.

அழிக்க வேண்டியது, ஆனால் நாம் அழிக்காமல் வைத்திருப்பது ஒன்றும் உண்டு. எமிஸ் பணிக்காக இறக்கிய மாணவர் பட்டியல்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்றின் நகல். என் வீட்டுக் கணினியில் நான்கு கல்வியாண்டுகளின் பட்டியல் இருந்தது. மகளின் தோழிகள் வந்து படம் பார்த்த கணினி அது! 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவைத் தனியாகக் கவனிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியல் வீட்டில் இருக்கக் கூடாது. வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள். கணினியை விற்கப் போகிறீர்கள் என்றால் வெறுமனே அழிப்பது போதாது. விரைவு வடிவமைப்பும் போதாது. முழு வடிவமைப்புச் செய்தால்தான் வன்தட்டு முழுவதும் சுழியம் எழுதப்படும்.

ஏன் போதாது என்பதை வகுப்பில் இப்படிச் சொல்வேன். ஒரு கோப்பை அழித்தால், வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்ததாகத்தான் பொருள். பையன் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். வேறொருவன் வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை அவன் அங்கேதான் இருப்பான். அதனால்தான் தவறாக அழித்துவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. புதிதாக ஒன்றும் சேமிக்காமல், மீட்பு மென்பொருளைக்கூட அதே டிரைவில் நிறுவாமல், கணினியை அணைத்துவிட வேண்டும். இது சுழலும் வன்தட்டுக்கு. இப்போது வரும் எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைக் கணினி தானே சீக்கிரம் துடைத்துவிடும். அங்கே நம்பிக்கை குறைவு.

நானோ அழித்த கையோடு 12 ஜிபியை அதன்மேல் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

அழித்ததே எனக்குத் தெரியாது. மறு ஆண்டு, அந்த ஏழாம் வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன் வந்து நின்றான். பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருந்தான். “டீச்சர், எங்க ஆயா பேசுனது உங்ககிட்ட இருக்குமில்ல? ஆயா தவறிட்டாங்க. வீட்ல ஒரு போட்டோகூட சரியா இல்ல” என்றான். இருக்கும்ப்பா, நாளைக்குக் கொண்டு வரேன் என்றேன். அன்று இரவு தேடியபோதுதான் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் கணினி பழுது பார்க்கும் ஒரு தம்பி வன்தட்டைக் கழற்றி, வேறு கணினியில் இரண்டாவது தட்டாக இணைத்து, இரண்டு நாள் ஓடவிட்டார். 42-ல் 19 கிடைத்தன. எதற்கும் பழைய பெயர் இல்லை, புதிய எண்கள்தான். யார் குரல் எது என்று தெரியாது. சனிக்கிழமை அவனும் அவன் தங்கையும் பள்ளியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பதினான்காவது கோப்பில் தங்கை கையைத் தூக்கினாள். நான்கு நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் பத்து நொடி. பிறகு கரகரவென்று ஓசை.

இரண்டாம் முறை சிவப்புக் கோடு வந்தபோது, நான் தனியாக முடிவெடுக்கவில்லை. வகுப்பில் ஒரு செயல்பாடாக்கினேன். துண்டுச் சீட்டுகளில் கோப்பின் பெயரும் அளவும்: காணொலிப் பாடங்கள் 1.8 ஜிபி, திரைப்படம் 1.4 ஜிபி, வாட்ஸ்அப் காணொலிகள் 1.2 ஜிபி, பாடநூல்கள் 900 எம்பி, விளையாட்டு விழாப் படங்கள் 700 எம்பி, மறுசுழற்சித் தொட்டி 500 எம்பி, வினாத்தாள்கள் 60 எம்பி, ஊர்ப் பெரியவர்கள் பேச்சு 15 எம்பி. மூன்று ஜிபி காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலான குழுக்கள் திரைப்படம், வாட்ஸ்அப், தொட்டி என்று 3 ஜிபியைத் தாண்டிவிட்டார்கள். ஒரு குழு காணொலிப் பாடத்தையும் திரைப்படத்தையும் எடுத்தது. பாடம் இணையத்தில் இருக்கிறதே, சரிதான் என்று நான் மதிப்பெண் போடப் போனேன். பின்பெஞ்சில் இருந்த பெண் எழுந்தாள். “உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் டீச்சர். இங்க டவரே இல்ல, எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?” என்றாள். என் கேள்வியிலேயே ஒரு சொல் குறைவாக இருந்திருக்கிறது. இப்போது சீட்டின் தலைப்பில் ‘யாருக்கு?’ என்றும் சேர்த்திருக்கிறேன். காணொலிப் பாடங்களின் ஒரு தொகுப்பு பள்ளியிலேயே வெளி வன்தட்டில் இருக்கிறது. வீட்டுக் கணினியிலிருந்துதான் அவற்றை எடுத்தேன்.

இப்போது சி டிரைவில் பத்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக வைத்திருக்கிறேன். நினைவகம் போதாதபோது விண்டோஸ் வன்தட்டையே கைமாற்றாகப் பயன்படுத்தும், அதற்கும் இடம் வேண்டும். கோப்புறைக்கு ‘புதிய கோப்புறை’ என்று பெயர் விடுவதில்லை. ஆண்டு, வகுப்பு, என்ன, யார் என்று தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டு நிமிட வேலை.

மீட்ட 19 பதிவுகளும் மூன்று இடங்களில் இருக்கின்றன: என் கணினி, பள்ளியின் வெளி வன்தட்டு, அந்தப் பையனின் அலைபேசி. இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு மறுபடி ஊருக்குள் போகிறது. அவன் தங்கை இப்போது எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். பதிந்த அன்றே பெயர் மாற்றி மூன்று பிரதி எடுக்கும் பொறுப்பு அவளுடையது. போன வாரம் வந்த முதல் பதிவுக்கு அவள் வைத்த பெயர் முழு வாக்கியமாக இருந்தது. நான் மாற்றவில்லை.