சத்தம் கேட்டாலே ஷாக் போச்சா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

“ஷாக் போச்சு.” வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்று கேட்டால் போதும், பக்கத்து சீட்டிலிருந்து இந்தத் தீர்ப்பு வந்துவிடும். கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர், காரிமங்கலம் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு வேகத்தடைக்கும் பஞ்சமில்லை, இந்தத் தீர்ப்புக்கும் பஞ்சமில்லை. நம்பி இரண்டு ஷாக்கையும் மாற்றிக்கொண்டு வருவார்கள். சத்தமும் கூடவே வீடு வந்து சேரும்.

சின்ன மேடு பள்ளத்தில் கேட்கும் ‘கடகட’வுக்கு, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு உள்ள கார்களில் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடியுங்கள். ஒருவர் காரைப் பக்கவாட்டில் ஆட்டட்டும். நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடின் மூட்டில் விரலை வையுங்கள். தேய்ந்திருந்தால் காதுக்குக் கேட்கும் முன்பே விரலில் தட்டும். விலையும் ஷாக்கைவிட மிகக் குறைவு.

ஷாக்கைச் சோதிக்கும் வழி வேறு. காரின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் பெரிய குறை இல்லை. ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய் படிந்திருப்பது தோஷமில்லை. கோடாக வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

“எடையைத் தாங்குவது ஷாக்தானே?” இல்லை, தாங்குவது ஸ்பிரிங். அது ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. மாங்காய்ப் பெட்டி ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கிப்போன ஆம்னி வேனுக்குப் புது ஷாக் போட்டு நிமிர்த்த முடியாது. அங்கே பார்க்க வேண்டியது பட்டை ஸ்பிரிங்கை.

“டீசல் வாஷ் அடிச்சா அடிப்பாகம் நல்லா இருக்கும், சத்தமும் அடங்கும்.” சர்வீஸ் நிலையங்களில் பலகாலமாக நடக்கிற பழக்கம் இது. நாலு நாள் சத்தம் அடங்கலாம். ஆனால் சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள புஷ்களில் பெரும்பாலும் இருப்பது இயற்கை ரப்பர். டீசலையும் பழைய இன்ஜின் ஆயிலையும் அது உறிஞ்சும், உப்பும், இளகும். தண்ணீரே போதும். கிறீச்சிட்டால் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள்.

அடுத்தது வீட்டில் வேலை பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம். “போல்ட்டை மாட்டின கையோட இறுக்கிடணும்” என்பார்கள். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது. பிறகு சக்கரம் ஏறி இறங்குவதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? காரை இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். கார் நின்றாலும் அதற்கு ஓய்வில்லை, சீக்கிரமே கிழியும். பழி என்னவோ பார்ட்ஸ் கடைக்காரர் தலையில்! போல்ட்டை முதலில் தளர்வாக மாட்டுங்கள். காரை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் விழுந்ததும், நாலு முறை அழுத்தி ஆட்டிவிட்டுக் கடைசியாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது அந்தந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

“ஜாக்கி இருக்கு, முட்டுக்கு ஹாலோ பிளாக் இருக்கு.” காரோடு வரும் ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் எச்சரிக்கை தராமல் உடையும். சிமென்ட் தரையில் ஜாக் ஸ்டாண்டு கொடுக்காமல் காருக்கு அடியில் தலையை விடக் கூடாது. இதில் பேரமே கிடையாது.

“நட்டைக் கழற்றத் தெரிந்தால் ஸ்ட்ரட்டையும் பிரிக்கலாம்.” 1983-இல் வந்த மாருதி 800 தொடங்கி நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். அதில் சக்கரம் தொங்கும்போதும் காயில் ஸ்பிரிங் அமுங்கியேதான் இருக்கும். உச்சியிலுள்ள நடு நட்டைக் கழற்றினால் அத்தனை விசையும் முகத்தை நோக்கி வரும். நடு நட்டைத் தொடாமல், சுற்றியுள்ள நட்டுகளையும் கீழ் போல்ட்டுகளையும் கழற்றி ஸ்ட்ரட்டை முழுசாக எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்கி, வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லோயர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் ‘அடுத்த மாசம்’ வேண்டாம். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

“எது மாற்றினாலும் அலைன்மென்ட்” என்பதும் சரியில்லை. லிங்க் ராடு, பின் ஷாக் போன்றவற்றை மாற்றினால் பொதுவாகத் தேவைப்படாது. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் மாற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டும். தருமபுரியிலோ அரூரிலோ அலைன்மென்ட் பார்க்கும்போது, செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள்.